வாட்டர் கூலிங் பிசி: 16 கோரும் 575 வாட் கார்டும் ஒரே கேபினெட்டில், பாகம் பாகமாக ஒரு மதிப்பீடு

இரண்டு விர்ச்சுவல் மெஷின், பின்னணியில் ஒரு ரெண்டர், கூடவே பெரிய கோட் பில்ட், நூறு டேப் திறந்த பிரவுசர். இவ்வளவையும் ஒரே நேரத்தில் ஓட்டுபவருக்கு வாட்டர் கூலிங் பயன்படுமா என்றால், நன்றாகவே பயன்படும். ஆனால் சிபியு வேகம் கூடும் என்று எதிர்பார்த்து அதில் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கிராபிக்ஸ் கார்டு கக்கும் சூட்டைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளுவதில்தான் தண்ணீர் போட்ட காசுக்கு வேலை செய்கிறது. அதனால் மெமரி, லேன் (சிபியுவிலிருந்து கார்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் போகும் தகவல் பாதை), வாட் என்ற மூன்று கணக்கையும் முடித்துவிட்டுத்தான், சூடான தண்ணீரை ஃபேன் காற்றால் ஆற்றும் ரேடியேட்டர் பக்கம் போக வேண்டும். இந்த வரிசை தலைகீழாகப் போன கணினிகள் பார்க்க அழகாக இருக்கும், 64 ஜிபி ரேமில் மூச்சு வாங்கும்.

ரைசனா, த்ரெட்ரிப்பரா

ஏஎம்டி ரைசன் 9 9950எக்ஸ், 16 கோர் 32 த்ரெட். டிடிபி (தயாரிப்பாளர் சொல்லும் சூட்டு அளவு) 170 வாட் என்று குறிப்பிட்டிருந்தாலும் சாக்கெட் வழியாக அது இழுக்கும் வரம்பு 230 வாட். இன்டெல் கோர் அல்ட்ரா 9 285கே 24 கோருடன் ரெண்டர், கம்பைல் இரண்டிலும் அதன் பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் அந்த 24இல் 8 பெரிய கோர், 16 சிறிய கோர், ஹைப்பர்த்ரெடிங்கும் கிடையாது. விர்ச்சுவல் மெஷினுக்குக் கோர் பிரித்துக் கொடுக்கும்போது எந்தக் கோர் யாருக்குப் போகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பல வேலைகளை ஒன்றாக ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் எல்லாக் கோரும் ஒரே வகையாக உள்ள ரைசனையே எடுக்கலாம். 9950எக்ஸ்3டியில் கூடுதல் கேஷ், கோர்கள் இருக்கும் இரண்டு சிப்லெட்டில் (சிறு சிலிக்கன் துண்டு) ஒன்றில் மட்டுமே இருக்கிறது. கேமும் ஆடுபவருக்கு அது சரியான தேர்வு. வேலைக்கு மட்டும் என்றால் சாதாரண 9950எக்ஸ் போதும்.

இத்தகைய கணினியில் கோர் தீருவதற்கு முன்பே மெமரி தீர்ந்துவிடும். எவ்வளவு வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இப்போதைய கணினியில் வேலை உச்சத்தில் இருக்கும்போது டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ‘கமிட்டட்’ என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். அதை ஒன்றரையால் பெருக்குங்கள். 96 ஜிபிக்குள் வந்தால் 48 ஜிபி ஸ்டிக் இரண்டு. 128க்குள் வந்தால் 64 ஜிபி ஸ்டிக் இரண்டு. அதையும் தாண்டினால் ரைசனை மறந்துவிட்டு ஏஎம்டியின் பெரிய ஒர்க்ஸ்டேஷன் சிப்பான த்ரெட்ரிப்பருக்குப் போங்கள்.

‘இரண்டு’ என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரைசன் உட்காரும் ஏஎம்5 சாக்கெட் போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தாலும் சேனல் இரண்டுதான். இரண்டு ஸ்டிக் போட்டால் இந்த வரிசை ரைசனுக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் டிடிஆர்5-5600. நான்கு போட்டால் 3600. அதற்கு மேல் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். நான்கு ஸ்டிக்கை 6000இல் ஓட்டப் பார்ப்பவர்களுக்குக் கணினி ஆன் ஆகும், பெஞ்ச்மார்க் ஓடும், ஐந்தாவது மணி நேரத்தில் ரெண்டர் மட்டும் காரணமே சொல்லாமல் விழும். ‘இப்போதைக்கு இரண்டு, பிறகு இன்னும் இரண்டு’ என்ற திட்டம்தான் இதில் மிக மோசம். வெவ்வேறு சமயத்தில் வாங்கிய கிட் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்னொன்று: பெரிய ஸ்டிக் போட்டு முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு ரேமைச் சோதித்துச் சரிசெய்யும் மெமரி ட்ரெய்னிங்குக்குப் பல நிமிடம் ஆகலாம். திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு செத்துவிட்டது என்று நினைத்துப் பவரை அணைக்காமல் காத்திருங்கள்.

லேன் விஷயத்தில் போர்டு மேனுவலில் எந்த ஸ்லாட் எங்கே இணைகிறது என்று காட்டும் பிளாக் டயகிராமை வாங்கும் முன்பே படிக்க வேண்டும். சிப்செட்டுக்குப் போவது போக ஏஎம்5 சிபியு தரும் பிசிஐஇ லேன் 24. அதில் 16 கார்டுக்கு, மீதி எட்டில்தான் வேகமான எஸ்எஸ்டியும் யுஎஸ்பி4உம் பங்கு போடுகின்றன. பல போர்டுகளில் இரண்டாவது 5.0 எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி செருகினால் கார்டு ஸ்லாட் 16இலிருந்து 8ஆகக் குறையும். ஒரே கார்டு என்றால் இதனால் பெரிய நஷ்டமில்லை. இரண்டு கார்டு அல்லது நான்கைந்து வேகமான எஸ்எஸ்டி என்றால் த்ரெட்ரிப்பர் 9970எக்ஸ் போன்றதுதான் சரி: 32 கோர், நான்கு மெமரி சேனல், தாராளமான லேன். பதிலுக்கு 350 வாட் டிடிபியையும், ரெஜிஸ்டர்டு ரகமான ஆர்டிம் மெமரியையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ரைசனுக்கு வாங்கிய ரேம் அதில் உட்காராது.

சூட்டுக் கணக்கு

ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுக்கு 575 வாட். 9950எக்ஸுக்கு 230. மொத்தம் 805. அமைதியாக ஓட வேண்டுமென்றால் நூறு வாட்டுக்கு ஒரு 120 மி.மீ. ரேடியேட்டர் பரப்பு என்பது இந்தத் துறையில் எல்லோரும் கையாளும் தோராயக் கணக்கு. ஃபேன் ஆயிரத்துச் சொச்சம் ஆர்பிஎம்மில் சுழன்றால் தண்ணீர் சுற்றுப்புறக் காற்றைவிடப் பத்து டிகிரி போல அதிகமாக நிற்கும். ஆக 805 வாட்டுக்கு எட்டு ஃபேன் பரப்பு. 360 ரேடியேட்டர் மூன்று வைத்தால் ஒன்பது; நிம்மதியாக இருக்கும். இரண்டு வைத்தால் ஆறு. தண்ணீர் இன்னும் நாலைந்து டிகிரி ஏறும் அல்லது ஃபேன் கத்தும்.

இங்கேதான் காசு செலவில்லாத கூலிங் ஒன்று இருக்கிறது. பயாஸில் மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடை 105 வாட்டுக்கு வைத்தால் சிபியு இழுக்கும் வரம்பு 142 வாட்டாக இறங்கும். கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்குக் குறைத்தால் 460 வாட். கூட்டினால் 602. இருநூறு வாட் போய்விட்டது, இரண்டு 360 ரேடியேட்டரே போதும் என்றாகிவிட்டது. வேகத்தில் விடும் பங்கு விட்ட வாட்டை விட மிகக் குறைவு. கடைசி சில சதவீத வேகத்துக்குத்தான் இந்தச் சிப்கள் அவ்வளவு மின்சாரம் குடிக்கின்றன. நாள் முழுக்கச் சுமை இழுக்கும் கணினிக்கு இந்த இரண்டு செட்டிங்கையும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். இன்னொரு ஆதாயமும் உண்டு: ரேடியேட்டர் எத்தனை வைத்தாலும் அந்த 805 வாட்டும் அறைக்குள்தான் வந்து விழும். மூடிய சிறிய அறையில் அது ஒரு சின்ன ஹீட்டர்.

சிபியுவுக்குத் தண்ணீர் ஏன் பெரிதாக உதவுவதில்லை? கோர்கள் இருக்கும் சிப்லெட் ஒவ்வொன்றும் சுமார் 70 சதுர மி.மீ. மட்டுமே. அதன் மேல் தடித்த மூடி வேறு. சூடு சிலிக்கனிலிருந்து மூடியைத் தாண்டி வருவதற்குள்ளேயே திணறுகிறது. மூடிக்கு மேலே நீங்கள் எவ்வளவு செய்தாலும் அந்தத் தடை அப்படியேதான் இருக்கும். 5090இன் சிப் 750 சதுர மி.மீ., மூடி கிடையாது, உள்ளே தண்ணீர் ஓடும் உலோகத் தகடான பிளாக் நேராகச் சிலிக்கன் மேலேயே உட்காருகிறது. அதனால் முழுச் சுமையிலும் கார்டு தண்ணீரைவிடப் பதினைந்து இருபது டிகிரி மட்டும் மேலே நிற்க, சிபியு நாற்பது ஐம்பது டிகிரி மேலே நிற்கும். ரைசன் 95 டிகிரி வரை ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. 85ஐக் கண்டு பதறிப் பிளாக்கைக் கழற்ற வேண்டாம்.

மூன்று வழிகள்

முதல் வழி, இரண்டு ஏஐஓ (பம்பு, ரேடியேட்டர், தண்ணீர் எல்லாம் சேர்த்து மூடியே வரும் ஆயத்தக் கூலர்). சிபியுவுக்கு ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீஸர் 3 360. கார்டுக்குத் தொழிற்சாலையிலேயே 360 ரேடியேட்டர் பூட்டி வரும் எம்எஸ்ஐ சுப்ரிம் லிக்விட் போன்றது. ஆர்க்டிக்கின் ரேடியேட்டர் 38 மி.மீ. தடிமன், வழக்கமான 27ஐ விட அதிகம். ஏஎம்5 சிப்லெட்கள் மூடியின் நடுவில் இல்லாமல் ஓரமாக இருப்பதற்கேற்பத் தள்ளிப் பூட்டும் வசதியும், சிபியுவுக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் போர்டின் விஆர்எம்முக்கென்று ஒரு சின்ன ஃபேனும் உண்டு. அந்தத் தடிமனால் சில கேபினெட்டில் மேல் பக்கம் பூட்டும்போது ரேமில் இடிக்கும், அளந்து வாங்குங்கள். கார்டின் வாரண்டி கெடாது, பராமரிப்பு இல்லை, ஒரு மாலையில் கட்டி முடிக்கலாம். ரைசனும் ஒரே கார்டும் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே போதும். குறை என்னவென்றால் பம்ப் தனியாகப் பழுதானால் மாற்ற முடியாது, மொத்தமும் போக வேண்டியதுதான். ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் காற்று பம்பில் சேர்ந்து களகளவென்று சத்தம் வரும்.

இரண்டாவது, கேபினெட்டுக்குள்ளேயே கஸ்டம் லூப், அதாவது பம்ப், ரேடியேட்டர், ட்யூப் எல்லாம் தனித்தனியாக வாங்கி நாமே கோர்ப்பது. மூன்று 360 கொள்ளும் கேபினெட் வேண்டும். இதில் பலர் கவனிக்காத சங்கதி, ஒரு ரேடியேட்டர் உள்ளே தள்ளும் சூடான காற்றை அடுத்த ரேடியேட்டர் இழுத்துக்கொள்வது. கீழும் பக்கமும் உள்ளிழுக்க, மேலே வெளியேற்ற என்று வைத்தால் மேலே உள்ளது பாதி வேலைதான் செய்யும். முடிந்தவரை எல்லா ரேடியேட்டரும் வெளிக்காற்றை உள்ளிழுக்கட்டும், பின்பக்க ஃபேனும் திறந்த ஓட்டைகளும் வெளியேற்றட்டும்.

மூன்றாவது, வெளியே வைக்கும் பெரிய ரேடியேட்டர். வாட்டர்கூல் நிறுவனத்தின் மோரா 3 360இல் ஒரு பக்கத்திலேயே ஒன்பது 120 மி.மீ. ஃபேன் பூட்டலாம், 420 ரகத்தில் ஒன்பது 140. மேலே போட்ட எட்டு ஃபேன் கணக்கை ஒற்றை ரேடியேட்டரிலேயே அது தாண்டிவிடுகிறது. கேபினெட் சிறியதாக இருக்கலாம், உள்ளே ரேமுக்கும் விஆர்எம்முக்கும் குளிர்ந்த காற்று கிடைக்கும், தண்ணீர் சிந்தாமல் ட்யூபைப் பிரிக்கும் குயிக் டிஸ்கனெக்ட் போட்டால் கணினியைத் தனியாகக் கழற்றித் தூக்கலாம். த்ரெட்ரிப்பரோடு பெரிய கார்டு வைப்பவர் வேறெதையும் யோசிக்க வேண்டாம். மூன்றில் எங்கள் ஓட்டும் இதற்குத்தான். மேசைக்கடியில் இடம் வேண்டும், வெளியே இரண்டு ட்யூப் ஓடும். அது உறுத்தாதவருக்கு இதைவிட அமைதியான ஏற்பாடு கிடையாது.

லூப்பின் பாகங்கள்

பம்பில் டி5 என்ற ரகத்தை வாங்குங்கள், எந்த பிராண்டு பெயர் போட்டிருந்தாலும் சரி. போர்டே வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய பிடபிள்யூஎம் ரகமாக இருக்கட்டும். பவர் வயரை சப்ளையின் சாட்டா அல்லது மோலெக்ஸில் நேராகக் கொடுத்துவிட்டு, பிடபிள்யூஎம் வயரை மட்டும் போர்டில் செருகுங்கள். பெரும்பாலான ஃபேன் ஹெடர் ஒரு ஆம்பியர்தான் தாங்கும். டி5 இருபது வாட்டுக்கு மேல் இழுக்கும். மணிக்கு 150 முதல் 200 லிட்டர் ஓட்டம் போதும், அதற்கு மேல் சத்தம்தான் கூடும். 180 லிட்டர் ஓட்டத்தில் 800 வாட்டை ஏற்றினாலும் தண்ணீர் ஒரு சுற்றில் நான்கு டிகிரிக்குள்தான் சூடாகிறது. எந்தப் பாகம் முதலில், எது அடுத்தது என்ற வரிசைக்கு இதனால்தான் முக்கியத்துவம் இல்லை. ட்யூப் எங்கே குட்டையாகப் போகிறதோ அங்கே விடுங்கள். தண்ணீர்த் தொட்டியான ரிசர்வாயர் பம்புக்கு மேலே இருக்க வேண்டும் என்ற ஒரே விதியை மட்டும் மீறாதீர்கள்.

ட்யூப் கறுப்பு இபிடிஎம் ரப்பர். பார்க்க ஒன்றுமில்லைதான். ஆனால் தெளிவான பிவிசி ட்யூபில் மென்மைக்காகச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் மெல்லக் கரைந்து வெளியேறும். ட்யூப் மங்கும், அது பரவாயில்லை. சிபியு பிளாக்கைத் திறந்து பார்த்தால் அரை மில்லிமீட்டரும் அகலம் இல்லாத செம்பு இடுக்குகளின் வாயில், தண்ணீரைப் பாய்ச்சும் ஜெட் பிளேட்டுக்கு நேர் கீழே, வெள்ளையும் பச்சையுமாகப் பசை போல ஒன்று கோடாகப் படிந்திருக்கும். ஓட்டம் குறைந்து, சிபியு மட்டும் மாதத்துக்கு மாதம் ஒன்றிரண்டு டிகிரி ஏறிக்கொண்டே போனால் இதுதான் காரணம். ஹார்டு ட்யூப் அழகுக்கு மட்டுமே. அதுதான் வேண்டும் என்றால் சூட்டில் சீக்கிரம் இளகும் பெட்ஜியை விட அக்ரிலிக் நல்லது.

கூலன்ட் நிறமற்றது, அரிப்புத் தடுப்பானும் கிருமி தடுப்பானும் கலந்தது. பால் போன்ற பாஸ்டல் நிறங்களில் மிதக்கும் துகள் நாளடைவில் மேலே சொன்ன அதே இடுக்கில் போய் உட்காரும். செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு மூன்றும் ஒரே லூப்பில் ஒத்துப்போகும். அலுமினியம் ஒரு துண்டுகூட வரக் கூடாது. மலிவான கிட்களில் ரேடியேட்டர் அலுமினியமாக இருக்கும், செம்போடு சேர்ந்தால் அரிப்பு தொடங்கிவிடும்.

பவர் சப்ளை ஏடிஎக்ஸ் 3.1, ரைசனுக்கு 1200 வாட், த்ரெட்ரிப்பருக்கு 1500 அல்லது 1600. கார்டுக்குப் போகும் 12வி-2×6 கேபிள் சப்ளையோடு வந்ததாகவே இருக்கட்டும், அடாப்டர் வேண்டாம். 575 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 48 ஆம்பியர். ஆறு பின் பங்கிட்டால் தலைக்கு எட்டு. பின்னின் வரம்பு ஒன்பது சொச்சம்தான். ஒரு பின் சரியாக ஒட்டாவிட்டால் மற்றவை வரம்பைத் தாண்டிச் சூடாகி பிளாஸ்டிக் உருகும். கனெக்டருக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியாத வரை அழுத்துங்கள், முதல் மூன்றரை செ.மீ. வரை கேபிளை வளைக்காதீர்கள். கார்டை 460 வாட்டில் ஓட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டும் வரிசை

கார்டைத் தொழிற்சாலைக் கூலரோடு முதலில் ஒரு வாரம் ஓட்டுங்கள். பழுதான கார்டாக இருந்தால் கழற்றாமலே திருப்பலாம். பிளாக் வாங்கும்போது கார்டின் சரியான மாடல் பெயரைப் பொருத்திப் பாருங்கள். என்விடியாவே தன் பெயரில் விற்கும் ஃபவுண்டர்ஸ் எடிஷனைத் தவிர்ப்பது நல்லது: போர்டு மூன்று துண்டாக இருக்கிறது, சிப்பின் மேல் லிக்விட் மெட்டல் வேறு, ஒரு துளி தவறி விழுந்தால் ஷார்ட் ஆகும். பிளாக்குக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடைப் பிளாக் மேனுவல் சொன்ன தடிமனிலேயே வையுங்கள். ஒரு மி.மீ. வேண்டிய இடத்தில் ஒன்றரை வைத்தால் பேட் பிளாக்கைத் தூக்கிப் பிடிக்கும், சிப்போடு அது ஒட்டாது.

புது ரேடியேட்டருக்குள் பற்றவைத்த மிச்சம் இருக்கும். சூடான டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள், வெளிவரும் நீர் தெளியும் வரை. 25 மி.மீ. ஃபேனுக்கு 30 மி.மீ. ஸ்க்ரூ, 35 போட்டால் அதன் முனை நேராகத் தண்ணீர்க் குழாயில் இறங்கும். சிபியு பிளாக்கில் இன்லெட், அவுட்லெட் மாறக் கூடாது. ஃபிட்டிங்கைக் கையால் இறுக்கினால் போதும், ஓ-ரிங் அமுங்கினாலே அடைத்துக்கொள்ளும். ஸ்பேனர் போட்டால் அக்ரிலிக் விரிசல் விடும். லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டீ ஃபிட்டிங்கும் பால் வால்வும் வையுங்கள். அது இல்லாத லூப்பைக் காலி செய்ய ஒரு நாள் போகும்.

தண்ணீர் ஊற்றும் முன் காற்றழுத்தச் சோதனை கட்டாயம். அரை பார் ஏற்றி அரை மணி நேரம் முள் நகராமல் நிற்க வேண்டும். பாகங்களின் அழுத்த வரம்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு போர்டு, கார்டு எல்லாவற்றின் பவர் கேபிளையும் கழற்றிவிட்டு, சப்ளையின் 24 பின் கனெக்டரில், போர்டு இல்லாமலே அதை ஆன் செய்யும் ஜம்பர் பிளக் போட்டு பம்பை மட்டும் ஓட்டுங்கள். ரிசர்வாயர் காலியாகும் முன் அணைத்து மீண்டும் ஊற்றுங்கள். டி5 தன்னுள் ஓடும் நீரால்தான் உராய்வைத் தாங்குகிறது, வறண்டு ஓடினால் பேரிங் போய்விடும். கேபினெட்டை முன்னும் பின்னும் சாய்த்தால் குமிழி வெளியேறும். கசிந்தாலும் போர்டில் மின்சாரம் இல்லாதவரை துடைத்து, ஒரு நாள் உலரவிட்டால் தப்பிக்கலாம்.

சோதனை

ஃபேன் வேகத்தைத் தண்ணீர் வெப்பத்தோடு இணையுங்கள். சிபியுவோடு இணைத்தால் ஒவ்வொரு டேப் திறப்புக்கும் ஃபேன் ஏறி இறங்கும். பத்து கிலோ ஓம் சென்சர் ஒன்று போதும், போர்டில் அதற்கு இரண்டு பின் ஹெடர் இல்லாவிட்டால் அக்வாகம்ப்யூட்டர் குவாட்ரோ ஃபேன் கன்ட்ரோலர் வாங்கலாம்: நான்கு ஃபேன் சேனல், நான்கு சென்சர், ஒரு ஃப்ளோ மீட்டர் இணைப்பு. காற்றைவிடத் தண்ணீர் 5 டிகிரி அதிகம் இருக்கும்வரை 600 ஆர்பிஎம், 12 டிகிரியில் 1200, தண்ணீர் 50ஐத் தொட்டால் எச்சரிக்கை.

ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளின் பவர் டெஸ்ட் சிபியு, கார்டு இரண்டையும் ஒன்றாக ஏற்றும். ஒரு லிட்டர் தண்ணீர் நிலைக்கு வர நேரம் ஆகும் என்பதால் பத்து நிமிடச் சோதனை பொய் சொல்லும். நாற்பத்தைந்து நிமிடமாவது ஓட்டுங்கள். தண்ணீர் காற்றைவிட 15 டிகிரிக்கு மேல் போனால் ரேடியேட்டர் அல்லது காற்றோட்டம் போதவில்லை. தண்ணீர் சரியாக இருந்து கார்டு மட்டும் அதைவிட 25 டிகிரிக்கு மேல் நின்றால் பேட் அல்லது பிளாக் இறுக்கம். கூடவே ரேம் வெப்பத்தையும் பாருங்கள். டவர் கூலர் இருந்த காலத்தில் அதன் ஃபேன் ரேம் மீதும் விஆர்எம் மீதும் இலவசமாகக் காற்றடித்தது. தண்ணீருக்கு மாறியதும் அந்தக் காற்று நின்றுவிடுகிறது. இறுக்கமான டைமிங்கில் ஓடும் டிடிஆர்5 ஸ்டிக் 60 டிகிரியை நெருங்கினால் பிழைகள் தலைகாட்டும். மெதுவாகச் சுழலும் ஒரே ஒரு ஃபேனை அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் போதும்.

கூலன்டை ஆண்டுக்கு ஒருமுறை, நல்ல தெளிவான ரகமாக இருந்தால் அதன் தயாரிப்பாளர் சொல்லும் காலத்துக்கு, மாற்றுங்கள். அப்போதே சிபியு பிளாக்கைத் திறந்து பல் தேய்க்கும் பிரஷால் இடுக்குகளைச் சுத்தம் செய்துவிடலாம். கார்டிலிருந்து கழற்றிய அசல் கூலர், ஸ்க்ரூ, பேட் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுக் கார்டு வந்த பெட்டியிலேயே வையுங்கள். வாரண்டிக்கு அனுப்பவோ விற்கவோ நேர்ந்தால் அவை எல்லாம் மறுபடி பூட்டப்பட வேண்டும்.